உரோமில் சட்டம் நின்ற நாட்கள்: நின்றது எது, நிற்காதது எது?

உங்கள் கேள்வியை நான் எப்படி விளங்கிக்கொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பண்டைய உரோமில் பேராபத்து வந்தால் ‘இயுஸ்டிடியம்’ என்று ஓர் அறிவிப்புச் செய்வார்கள், அத்தோடு சட்டமே நின்றுவிடும் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அப்படியானால் அந்த நாட்களில் கடன் கொடுத்தவனுடைய கதி என்ன, கொலை செய்தவனைத் தட்டிக் கேட்க ஆள் இருந்ததா, பிற்காலத்தில் அரச குடும்பத்துச் சாவுக்கும் அதே பெயரை ஏன் வைத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியே பார்க்க மூன்று கேள்விகள். அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: ஆபத்து வந்தால் ஓர் அரசு தன் சட்டத்தையே கழற்றி வைத்துவிடலாம் என்பதற்கு உரோமை முன்னுதாரணமாகக் காட்டலாமா? இன்றைய ஆட்சிகளைப் பற்றிய வாதங்களில் உரோமின் பெயர் அடிக்கடி இழுக்கப்படுவதால், இதற்கு நிதானமாகப் பதில் சொல்வது அவசியம்.

இலங்கையில் உரோமன்-டச்சுச் சட்டம் இன்றும் பொதுச் சட்டமாக இருப்பதால், எங்கள் தலைமுறைச் சட்ட மாணவர்கள் உரோமச் சட்டத்தைத் தனிப் பாடமாகவே படித்தோம். பிறகு நீண்ட காலம் அதைச் சொல்லிக்கொடுத்தும் வந்திருக்கிறேன். ஆனால் நான் சட்டத்தரணி. கல்வெட்டு ஆய்வாளன் அல்ல. கல்வெட்டுகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில், அவற்றைப் படித்து வெளியிட்ட அறிஞர்களை நம்பியே சொல்கிறேன்.

சுருக்கமான பதில் இது. இயுஸ்டிடியத்தில் நின்றது சட்டத்தை நடத்துகிற ஆட்களின் அன்றாட வேலை. உரிமைகளும் கடமைகளும் அப்படியே இருந்தன. ஊரில் தீப்பிடித்தபோது கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டு அணைக்க ஓடினால், உள்ளே இருக்கும் கடன்கொப்பி அழிந்துபோனதாக யாரும் சொல்லமாட்டார்கள். இயுஸ்டிடியமும் அப்படித்தான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஆதாரங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எது உறுதி, எது சந்தேகம் என்றும் பிரித்துச் சொல்கிறேன்.

கதவைச் சாத்த வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? குடியரசுக் கால உரோமில் ஒரு சிவில் வழக்கு இரண்டு படிகளில் நடந்தது. முதலில் ஃபோரம் என்ற நகர நடுச் சதுக்கத்தில், திறந்தவெளியில், பிரேட்டர் என்ற அதிகாரியின் முன்னால் இரு தரப்பும் நிற்கும். வழக்கின் பொருள் என்ன என்பதை அவர் வரையறுப்பார். பிறகு ஒரு சாதாரணக் குடிமகனை நீதிபதியாக அமர்த்தி வழக்கை அவரிடம் ஒப்படைப்பார். வழக்காளி, எதிராளி, நீதிபதி, சாட்சி எல்லோருமே குடிமக்கள். அதே குடிமக்கள்தான் படைவீரர்களும். பழைய உரோமுக்கு நிலைப்படை கிடையாது. ஆபத்து வந்தால் குடிமக்களைக் கூட்டிப் பெயர் எழுதித்தான் படை திரட்ட வேண்டும். காலையில் ஃபோரத்தில் வழக்காடிக்கொண்டிருப்பவன் மாலையில் ஈட்டியோடு வரிசையில் நிற்க வேண்டுமென்றால், காலை வேலையை யாராவது நிறுத்தி வைக்க வேண்டும். அந்த நிறுத்தம்தான் இது. வழக்கமாக செனட் என்ற மூத்தோர் அவை கூடி ஆலோசனை சொல்லும். ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இரு தலைமை அதிகாரிகளில் ஒருவரான கொன்சலோ, ஆபத்துக் காலத்துக்கென்று நியமிக்கப்படும் தனித் தலைவரான டிக்டேட்டரோ, அவர்கள் ஊரில் இல்லாதபோது பிரேட்டரோ அதை ஆணையாக அறிவிப்பார். ஆபத்து நீங்கியதும் அதே வகை ஆணையால் விலக்குவார்கள்.

இதற்கு மிகப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு சின்சினாட்டஸ். கி.மு. 458இல் ஒரு கொன்சலின் படையை ஏக்குவி இனத்தார் மலைப்பகுதியில் முற்றுகையிட்டபோது அவரை டிக்டேட்டராக நியமித்தார்கள். வரலாற்றாசிரியர் லிவி சொல்வதன்படி, அவர் ஃபோரத்துக்கு வந்து இயுஸ்டிடியம் அறிவித்தார். நகரெங்கும் கடைகளை மூடச் சொன்னார். சொந்த வேலை எதையும் யாரும் பார்க்கக்கூடாது என்றார். படைக்குச் செல்லும் வயதுடைய எல்லோரும் 5 நாளைக்குச் சமைத்த உணவோடும், ஆளுக்கு 12 மரக்கழிகளோடும், பொழுது சாய்வதற்குள் மார்ஸ் வெளி என்ற திடலுக்கு வர வேண்டும். கழிகள் பாசறைக்கு வேலி கட்ட. போருக்குப் போகும் வயது தாண்டியவர்கள் பக்கத்து வீட்டு வீரனுக்குச் சமைத்துக் கொடுக்க வேண்டும். ஆணையின் ஒவ்வொரு சொல்லும் ஒரே இலக்கை நோக்குகிறது: ஆளும் நேரமும் உடனே படைக்கு வேண்டும். இதே கதையில் பலர் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. வெற்றிக்குப் பிறகு அவர் உடனே பதவியை விடாமல் சற்றுத் தாமதித்ததற்கு லிவி சொல்லும் காரணம், பொய்ச்சாட்சி சொன்னதாகக் குற்றம் சாட்டப்பட்ட வோல்சியுஸ் என்பவரின் விசாரணை முடிய வேண்டியிருந்தது என்பதே. 16ஆம் நாள் பதவியைத் துறந்தார். ஆறு மாதம் வரை வைத்திருக்கக்கூடிய பதவி அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. லிவி எழுதியது முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், இந்தச் சம்பவத்துக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து. கி.மு. 390 வாக்கில் வடக்கிலிருந்து வந்த கௌலர்கள் என்ற இனத்தார் நகரை எரித்தபோது பழைய பதிவுகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டதென்று அவரே சொல்கிறார். ஆகவே கி.மு. 465, 458, 431, 426 என்று அவர் அடுக்கும் பழைய இயுஸ்டிடியங்களை நான் சம்பவச் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. பிற்கால உரோமர்கள் தங்கள் நடைமுறையை எப்படி மனத்தில் படம்பிடித்து வைத்திருந்தார்கள் என்பதற்கான சான்றாக மட்டும் கொள்கிறேன். அந்த வகையில் கி.மு. 426 பற்றி அவர் எழுதிய வரி எனக்கு முக்கியம்: ஃபோரத்தில் இயுஸ்டிடியம், கடைகள் மூடல், எல்லாமே நகரத்தைவிடப் பாசறை போல ஆகிவிட்டது என்கிறார். பாசறைக்கு ஒழுங்கு உண்டு, கட்டளை உண்டு, தண்டனையும் உண்டு. சட்டமில்லாத வெளியாக அவர்கள் இதைக் கற்பனை செய்யவில்லை.

காலம் இறங்க இறங்க நிலம் உறுதியாகிறது. கி.மு. 296இல், இத்தாலியிலேயே இருந்த பகை இனங்களான எட்ரூரியரும் சம்னைட்டுகளும் கைகோத்த செய்தி வந்தபோது செனட் இயுஸ்டிடியத்துக்கு உத்தரவிட்டது. இளைஞர்களோடு நிற்காமல் முதியவர்களைக் கொண்டும் அணிகள் அமைத்தார்கள். விடுதலை பெற்ற அடிமைகளையும் படையில் சேர்த்தார்கள். கொன்சல்கள் இருவரும் களத்தில் இருந்ததால் நகரப் பொறுப்பு பிரேட்டர் பூப்ளியுஸ் செம்ப்ரோனியுஸ் கையில் இருந்தது. கொன்சல் வொலும்னியுஸின் வெற்றிக் கடிதம் வந்ததும் விலக்கினார்கள். அது 18 நாள் நீடித்தது என்று லிவி கணக்குச் சொல்கிறார். இப்படித் துல்லியமான எண் அலுவல் பதிவிலிருந்து வந்திருக்கும் என்பது என் கருத்து. 18 நாள் என்பது போர்ச் செய்தி போய்த் திரும்பும் காலம். ஓர் ஆட்சிமுறையை மாற்றிவைக்கும் காலம் அல்ல.

கடையும் வழக்கும் மட்டுமல்லாமல் வேறு என்ன நின்றது என்பதற்கு, குடியரசின் கடைசிக் காலத்து வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான சிசரோவின் ஒரு பேச்சில் ஓர் அருமையான துணுக்கு இருக்கிறது. பூப்ளியுஸ் நாசிகா என்ற கொன்சல், பெரும்பாலும் கி.மு. 111இல் பதவியிலிருந்தவர், இயுஸ்டிடியம் அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் கிரானியுஸ் என்ற ஏலக் கூவலாளரைப் பார்த்தார். “ஏன் முகம் வாடியிருக்கிறது, ஏலங்கள் தள்ளிப்போனதாலா?” என்று கேட்டார். “இல்லை, தூதுக்குழுக்கள் தள்ளிப்போனதால்” என்றார் கிரானியுஸ். வெளிநாட்டுத் தூதர்களிடம் செனட்டர்கள் பணம் வாங்குகிறார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்த காலம் அது. அந்தக் குத்தலை விட்டுவிட்டால் நமக்கு இரண்டு தகவல்கள் மிஞ்சுகின்றன. பொது ஏலம் நின்றது. செனட் தூதர்களை வரவேற்றுக் கேட்கும் வழக்கமான வேலையும் நின்றது. வேறோர் உரையில் சிசரோ, நீதி வழங்கலை இடைநிறுத்துவது, திறைசேரியை மூடுவது, நீதிமன்றங்களை நிறுத்துவது என்று ஒரே மூச்சில் அடுக்குகிறார். ஆனால் செனட் நிற்கவில்லை. ஆபத்தைப் பற்றி முடிவெடுக்க அது கூடிக்கொண்டேதான் இருந்தது.

இயுஸ்டிடியம் தனியாக வருவது குறைவு. அதற்கு முன்னால் ‘துமுல்துஸ்’ என்ற அறிவிப்பு வரும். திடீர் அபாயம் என்று பொருள்கொள்ளலாம். கி.மு. 43 ஜனவரி 1ஆம் திகதி படையோடு எதிர்த்து நின்ற மார்க் ஆண்டனிக்கு எதிராகச் சிசரோ செனட்டில் கேட்டது இந்த முழுத் தொகுதியையும்தான்: துமுல்துஸ் அறிவியுங்கள், இயுஸ்டிடியம் ஆணையிடுங்கள், எல்லோரும் போர் மேலங்கி அணியட்டும், படைச்சேவை விலக்குகளை எல்லாம் நீக்கி ஆள் திரட்டுங்கள். சில வாரம் கழித்துப் பேசும்போது, துமுல்துஸ் இல்லாமல் போர் இருக்கலாம், போர் இல்லாமல் துமுல்துஸ் இருக்க முடியாது என்று விளக்குகிறார். முன்னோர் இரண்டு வகை சொன்னார்கள் என்கிறார்: இத்தாலிக்குள் எழுவது ஒன்று, இத்தாலியின் எல்லையில் கௌலர்களால் வருவது மற்றொன்று. இது பேச்சாளரின் அலங்காரம் அல்ல. ஸ்பெயினில் கண்டெடுக்கப்பட்ட உர்சோ குடியேற்ற நகரத்தின் வெண்கலச் சாசனத்தில், நகர அலுவலர்களின் உதவியாளர்களுக்குப் பணியாண்டில் படைச்சேவை கிடையாது, இத்தாலிய அல்லது கௌலியத் துமுல்துஸ் வந்தால் தவிர, என்று சட்ட வாசகமாகவே பொறித்திருக்கிறார்கள். அவசரநிலைக்கும் வரையறை வைத்து, அது யாருடைய சலுகையை எவ்வளவு தூரம் தொடும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தவர்கள் அவர்கள்.

இனி நீங்கள் கேட்ட, கடன் கொடுத்தவனுடைய கதி. இதில்தான் எனக்கு அதிக ஆர்வம், ஏனென்றால் சட்டத்தைத் தொழிலாகச் செய்பவனுக்கு இங்கேதான் உரோமர்களின் கவனம் தெரிகிறது. கி.மு. 186இல் பாக்கஸ் வழிபாட்டுக் குழுக்களை ஒடுக்கியபோது பீதியில் ஏராளமானோர் நகரை விட்டு ஓடினார்கள். ஆள் இல்லாததால் பலருடைய வழக்குகளும் உரிமைகளும் கெட்டுப்போகும் நிலை வந்தது. ஆகவே பிரேட்டர்கள் மேனியுஸும் லிசினியுஸும் செனட் வழியாக விடயங்களை 30ஆம் நாள் வரை ஒத்திவைக்க வேண்டியதாயிற்று என்று லிவி எழுதுகிறார். அவர் இதற்கு இயுஸ்டிடியம் என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் நீதிமன்றம் நிற்பது வர முடியாதவனைக் காப்பாற்றவும் உதவும் என்பது அங்கே பச்சையாகத் தெரிகிறது. ஊரில் இல்லாதவனுடைய உரிமை கெடக்கூடாது என்று கவலைப்படும் பிரேட்டர், உரிமை என்பதே இப்போது இல்லை என்று நினைத்திருக்க முடியாது.

அடுத்த சான்று கி.மு. 90, உரோமின் இத்தாலியக் கூட்டாளிகள் கிளர்ந்தெழுந்த போர். அப்போது சிசரோவுக்குப் பதினாறு வயது. தினமும் ஃபோரத்துக்குப் போய் வழக்குகளைக் கேட்டுப் பழகியவர். போர் காரணமாக மற்ற நீதிமன்றங்கள் எல்லாம் நின்றிருந்தன, வேரியுஸ் கொண்டுவந்த சட்டத்தின் கீழான ஒரே நீதிமன்றம் மட்டும் நடந்தது என்று பின்னாளில் நினைவுகூர்கிறார். கூட்டாளிகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரித்த மன்றம் அது. அடுத்து வேரியுஸே தன் சட்டத்தால் தண்டிக்கப்பட்டு வெளியேறினார். என்னைப் பொறுத்தவரை இது முக்கியமான சான்று, ஏனென்றால் பார்த்தவர் சொல்வது. எல்லாக் கதவையும் மூடிவிட்டு ஒன்றை மட்டும் திறந்து வைக்க முடிந்திருக்கிறது. எது நிற்கும், எது நடக்கும் என்று ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவு அரசியல் நோக்கத்தோடு எடுக்கப்பட்டிருக்கலாம், அநியாயமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் சட்டம் தானாக மறைந்துபோன வெற்றிடத்தில் அது நடக்கவில்லை.

பேரரசுக் காலத்தில் சட்ட அறிஞர்கள் இதை இன்னும் கூர்மையாக்கினார்கள். வெற்றிக்காகவோ பேரரசரைச் சிறப்பிக்கவோ திடீரென்று விடுமுறை அறிவித்து, அதனால் அதிகாரி வழக்குக் கேட்காமல் விட்டு, ஒருவருடைய வழக்குத் தொடுக்கும் காலவரம்பு முடிந்துபோனால் என்ன செய்வது? கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிய சட்ட அறிஞர் கயுஸ் காசியுஸ், தன் அறிவிப்பாணையிலேயே, அப்படிப்பட்டவருக்கு இழந்த நிலையைத் திருப்பித் தருவேன் என்று வெளிப்படையாகச் சொல்லி வைத்தார். காரணமும் சொன்னார்: இழப்பு அதிகாரியால் நேர்ந்தது. வழக்கமான திருவிழா விடுமுறைக்கு இந்தச் சலுகை இல்லை. அது எப்போது வரும் என்று வழக்காளிக்குத் தெரியும், தெரிந்திருக்கவும் வேண்டும். பின்வந்த சட்ட அறிஞர்களில் செல்சுஸும் இதை ஏற்றார், உல்பியன் எடுத்தெழுதினார், கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் தொகுத்த டைஜெஸ்ட் என்ற சட்டத் தொகுப்பில் அது நம் கைக்கு வந்து சேர்ந்தது. இந்தப் பகுதி திடீர் விடுமுறையைப் பற்றியது. போர்க்கால இயுஸ்டிடியத்தைப் பெயர் சொல்லிப் பேசவில்லை. அதே நியாயம் அதற்கும் பொருந்தும் என்பது என் ஊகம். ஆனால் எதிர்பாராமல் கதவு மூடப்பட்டவனைத் தண்டிக்கக்கூடாது என்ற தத்துவத்தை, வெற்றி விழாவுக்கு ஏற்றுக்கொண்டு முற்றுகைக்கு மறுப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. கொவிட் காலத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 23ஆம் திகதி ஆணையால், மார்ச் 15 முதல் காலவரம்புகள் ஓடாமல் நீட்டித்தது. இலங்கையில் 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் அதே பிரச்சினைக்காக வந்தது. காசியுஸுக்கு இவை புதிதாகத் தோன்றியிருக்காது.

சரி, தடையை மீறி ஓர் அதிகாரி அந்த நாளில் தீர்ப்போ ஆணையோ கொடுத்தால் அது செல்லுமா? இயுஸ்டிடியத்துக்கு இந்தக் கேள்விக்கு நேரடியாக விடை சொல்லும் சட்ட வாசகம் எதுவும் எஞ்சவில்லை. டைஜெஸ்டில் அதற்கென்று தனித் தலைப்பே கிடையாது. உறுதியாகப் பேசுபவர்களை நம்பாதீர்கள். பக்கத்து வீட்டுச் சான்று ஒன்று இருக்கிறது. நீதி வழங்கக்கூடாத நாளில் பிரேட்டர் தெரியாமல் ஓர் அடிமைக்கு விடுதலை வழங்கிவிட்டால் என்ன ஆகும் என்று பண்டைய உரோம அறிஞர் வார்ரோ சொல்கிறார்: விடுதலை பெற்றவன் சுதந்திரமானவனே, செயலில் மட்டும் குறை உண்டு, பிரேட்டர் பரிகாரப் பலி கொடுக்க வேண்டும். தெரிந்தே செய்திருந்தால் அந்தக் குற்றத்துக்குப் பரிகாரமே இல்லை என்றார் சட்ட அறிஞர் குவிண்டுஸ் மூசியுஸ். தடை அதிகாரியைக் கட்டுகிறது. அவர் முன்னால் வந்த எளியவனின் பலனைப் பறிப்பதில்லை. இயுஸ்டிடியம் தெய்வங்களுக்குரிய நாள் அல்ல என்பதால் இதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. மனப்போக்கைக் காட்டுகிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தக் கருவியை அரசியலுக்குத் திருப்பியபோது என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கி.மு. 133இல், ட்ரிபியூன் என்ற மக்கள் பிரதிநிதிப் பதவியிலிருந்த டைபீரியுஸ் கிராக்குஸ், தன் நிலச் சட்டத்தைச் சக ட்ரிபியூன் ஒக்டாவியுஸ் தடுத்ததும், வாக்கெடுப்பு முடியும்வரை எந்த அதிகாரியும் எந்த வேலையும் பார்க்கக்கூடாது என்று ஆணையிட்டார். திறைசேரி இருந்த சனி தேவன் கோவிலுக்குத் தன் முத்திரையை வைத்தார்; பணம் எடுக்கவும் முடியாது, போடவும் முடியாது. கீழ்ப்படியாத பிரேட்டர்களுக்குத் தண்டம். இதைச் சொல்வது கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். ஒரு ட்ரிபியூனுக்கு இந்த அதிகாரம் உண்டா, இதை இயுஸ்டிடியம் என்று அழைக்கலாமா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. அழைக்கக்கூடாது என்பது என் நிலைப்பாடு. பகைவன் வாசலில் இல்லை, செனட் கேட்கவில்லை, ஒரு மசோதாவை நிறைவேற்ற ஊரையே பூட்டியிருக்கிறார், அவர் நோக்கம் நியாயமானதாகவே இருந்தாலும்.

கி.மு. 88 இதைவிட மோசமாக முடிந்தது. புதிதாகக் குடியுரிமை பெற்ற இத்தாலியர்களை எல்லா வாக்குப் பிரிவுகளிலும் பங்கிடும் சட்டத்தை ட்ரிபியூன் சுல்பீசியுஸ் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார். கொன்சல்கள் சுல்லாவும் பொம்பேயுஸ் ரூபுஸும் பொதுவேலைகளை நிறுத்தி அறிவித்து வாக்கெடுப்பைத் தடுக்கப் பார்த்தார்கள். சுல்பீசியுஸின் கூட்டம் ஆயுதத்தோடு வந்தது. பொம்பேயுஸின் மகன், சுல்லாவின் மருமகன், கொல்லப்பட்டார். சுல்லா உயிர் தப்பி, வேறு வழியின்றி நிறுத்தத்தை விலக்கினார். பிறகு படையிருந்த இடத்துக்குப் போய், அந்தப் படையோடு உரோமுக்குள்ளேயே நுழைந்தார். புளூட்டார்க்கும் அப்பியனும் கிரேக்கத்தில் எழுதியதால், கொன்சல்கள் அறிவித்தது இயுஸ்டிடியமா அல்லது சமய விடுமுறையா என்று முடிவாகச் சொல்ல இயலாது. அப்பியனின் விவரிப்பு விடுமுறையையே சுட்டுகிறது என்று எனக்குப் படுகிறது. ஆனால் எதுவானாலும் அந்த அறிவிப்பின் வலிமை, மக்கள் அதை உண்மையான அவசரம் என்று நம்புவதில்தான் இருந்தது. அந்த நம்பிக்கை போனதும் ஒரு கூட்டத்தின் கத்திகளால் அதை முறிக்க முடிந்தது.

துக்கத்துக்கு ஏன் இதே பெயர் வந்தது என்ற கேள்விக்கு விடை குடியரசுக் காலத்திலேயே இருக்கிறது. கி.மு. 321இல் கௌடியம் கணவாயில் உரோமப் படை சரணடைந்த செய்தி வந்தபோது, ஆணை வருவதற்கு முன்பே, ஃபோரத்தைச் சுற்றியிருந்த கடைகள் மூடப்பட்டு இயுஸ்டிடியம் தானாகவே தொடங்கிவிட்டது என்கிறார் லிவி. பெரியவர்கள் பொன் மோதிரங்களைக் கழற்றினார்கள். பேரழிவுச் செய்தியும் சாவு வீடும் ஒரே முகம் கொண்டவை. வெளியே தெரியும் அடையாளங்கள் ஒன்றுதான். கி.பி. 19இல் பேரரசர் டைபீரியஸின் தத்துமகன் ஜெர்மானிகஸ் இறந்த செய்தி வந்தபோது நடந்ததை வரலாற்றாசிரியர் டாசிடஸ் ஏறக்குறைய அதே சொற்களில், அதிகாரிகளின் ஆணைக்கும் செனட் தீர்மானத்துக்கும் முன்பாகவே மக்கள் இயுஸ்டிடியத்தை மேற்கொண்டார்கள், சதுக்கங்கள் வெறிச்சோடின, வீடுகள் அடைபட்டன என்று எழுதுகிறார். பீசா நகரத்தார் கி.பி. 4இல் அகஸ்டஸின் பேரன் கயுஸ் சீசருக்காகச் செய்த தீர்மானம் கல்லில் இருக்கிறது: சாவுச் செய்தி வந்த நாளிலிருந்து எலும்புகள் அடக்கம் செய்யப்படும்வரை எல்லோரும் துக்க உடை, கோவில்களும் பொதுக் குளியலகங்களும் கடைகளும் மூடல், விருந்து கூடாது. அந்த நேரத்தில் வேட்பாளர்களிடையே சண்டை காரணமாக நகரத்தில் அதிகாரிகளே பதவியில் இல்லை. இருந்தும் ஊர் மொத்தமாகக் கூடி இத்தனையையும் முடிவு செய்திருக்கிறது.

துக்க இயுஸ்டிடியத்துக்கும் விலை இருந்தது. கி.பி. 14இல் அகஸ்டஸ் இறந்ததும் பன்னோனியா மாகாணத்தில் தளபதி பிளேசுஸ் தன் மூன்று லீஜியன் படைப்பிரிவுகளின் வழக்கமான வேலைகளை நிறுத்தினார். சும்மா இருந்த வீரர்களிடையே கலகம் மூண்டது. பேரரசர் கலிகுலா தன் தங்கை துருசில்லாவின் சாவுக்கு அறிவித்த நாட்களில் சிரித்தாலும், குளித்தாலும், பெற்றோரோடோ மனைவி மக்களோடோ அமர்ந்து உண்டாலும் மரண தண்டனை என்று சுவெட்டோனியுஸ் சொல்கிறார். சட்டம் நின்ற காலம் என்று இதைச் சொல்வது எவ்வளவு பொருந்தாது என்று பாருங்கள். மனிதர் சிரிப்பைக்கூட அது விட்டுவைக்கவில்லை. இதற்கு எதிர்முனையில் டைபீரியஸ் நிற்கிறார். ஜெர்மானிகஸுக்கான துக்கம் முடியாமல் நீண்டபோது, ஆள்பவர்கள் இறப்பவர்கள், அரசு என்றும் இருப்பது, வேலைக்குத் திரும்புங்கள், மெகலேசிய விளையாட்டுகள் நெருங்கிவிட்டன, மகிழ்ச்சிக்கும் திரும்புங்கள் என்று ஆணையிட்டார். பலருக்கு அவரைப் பிடிக்காது. இந்த ஆணையில் எனக்கு மரியாதை உண்டு.

கடைசியாகக் கொலை. நீங்கள் படித்த கட்டுரைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இத்தாலிய மெய்யியலாளர் ஜோர்ஜோ அகம்பெனின் வாதமாக இருக்க வேண்டும். இயுஸ்டிடியத்தில் சட்டம் வெறுமையாகிவிடுகிறது, அப்போது ஒருவர் செய்வது சட்டத்தை நிறைவேற்றுவதும் அல்ல, மீறுவதும் அல்ல என்று 2003இல் அவர் எழுதினார். நம் காலத்து அவசரநிலைகளைப் பற்றி அவர் எழுப்பும் அச்சத்தை நான் மதிக்கிறேன்; இலங்கையில் வாழ்ந்தவனுக்கு அந்த அச்சத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் உரோமச் சான்று அந்தப் பாரத்தைத் தாங்காது. இயுஸ்டிடியம் ஒருவருக்கும் கொல்லும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. டிக்டேட்டருக்கும் களத்திலிருக்கும் தளபதிக்கும் அந்த அதிகாரம் தங்கள் பதவியிலிருந்து வந்தது. இயுஸ்டிடியம் இல்லாத நாளிலும் அது இருந்தது. கி.மு. 121 முதல் குடிமக்களைக் கொல்லக் காரணமாகக் காட்டப்பட்டது வேறொன்று: அரசுக்குத் தீங்கு வராமல் கொன்சல்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்ற செனட்டின் தீர்மானம். பொதுவேலை நிறுத்தத்தையும் இந்தத் தீர்மானத்தையும் ஒன்றாகக் குழைத்தால்தான் சட்டமற்ற வெளி என்ற தோற்றம் வருகிறது.

அந்தத் தீர்மானம் உண்மையில் எவ்வளவு அதிகாரம் கொடுத்தது என்பது உரோமர்களுக்குள்ளேயே தீராத சண்டை. டைபீரியுஸ் கிராக்குஸின் தம்பி கயுஸ் கிராக்குஸையும் அவர் ஆட்களையும் கொன்ற கொன்சல் ஒபீமியுஸை, பதவி முடிந்த கையோடு கி.மு. 120இல் ட்ரிபியூன் டெசியுஸ் மக்கள் முன் நிறுத்தினார். ஒபீமியுஸுக்காக வாதாடியவர் அவ்வாண்டின் கொன்சல் கார்போ. கொலை நடந்ததை அவர் மறுக்கவில்லை. அந்த நாட்களில் சட்டம் நின்றிருந்தது என்றும் சொல்லவில்லை. நாட்டின் உயிரைக் காக்க அது சட்டப்படி செய்யப்பட்டது என்பதே அவர் வாதம், அதில் ஒபீமியுஸ் விடுதலையானார். சிசரோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அரசைக் கவிழ்க்கச் சதி செய்த கட்டிலீனாவின் கூட்டாளிகளைத் தான் கொன்சலாக இருந்தபோது விசாரணையின்றிக் கொன்றதற்காக, விசாரித்துத் தண்டிக்கப்படாத குடிமகனைக் கொன்றவனுக்கு நெருப்பும் நீரும் மறுக்கப்படும் (அதாவது நாடு கடத்தப்படுவான்) என்று கி.மு. 58இல் குளோடியுஸ் சட்டம் கொண்டுவந்தார். சிசரோ நகரை விட்டு வெளியேறினார். பலாட்டினக் குன்றிலிருந்த அவர் வீட்டை இடித்தார்கள். ஐந்து ஆண்டு முன்பு ஓர் அவசர நாளில் செய்ததற்கு அவர் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.